நான் தின்ற அரை ஏக்கர்

அரை ஏக்கர் கடலைக்காட்டை நான் தின்றிருக்கிறேன். விளைந்து, பறித்து, காய வைத்த பிறகு தின்றால் அதற்குச் சாப்பாடு என்று பெயர். நான் தின்றது விதைப்பதற்கு முன்னால். ஆண்டிமடம் பக்கம் என் மாமனார் ஊரில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையை என்னைவிட விரிவாகச் சொல்லுவார்கள். அதனால் என் தரப்பையும் ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். (என் தரப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுதி வைப்போம்.)

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எடைமேடை ஆபரேட்டராக இருக்கிறேன். சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரிகளைச் சுமையோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை எடை போட்டுச் சீட்டுக் கொடுக்க வேண்டும். பதினெட்டு வருடமாக இதே வேலைதான். லாரி மேடையில் ஏறும்போது டயர் அமுங்குகிற விதத்தைப் பார்த்தே எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. இந்தக் கர்வத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதம், ஆலையில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். என் சகாக்கள் எல்லாம் ரிப்போர்ட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். என்னை மட்டும் டாக்டரம்மா உட்காரச் சொன்னார். கெட்ட கொழுப்பு இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. குடும்பத்தில் யாருக்காவது நெஞ்சுவலி வந்திருக்கிறதா என்று கேட்டார்.

வந்திருக்கிறது. என் அப்பா அரியலூர் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தவர். ஐம்பத்தோரு வயதில், மிஷினில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அவர் தைத்துக்கொண்டிருந்த சட்டைக்கு ஒரு கை மட்டும்தான் பாக்கி. அந்தச் சட்டையை யாரும் கேட்டு வரவில்லை. இன்றைக்கும் எங்கள் பீரோவில் ஒற்றைக் கையோடு இருக்கிறது. ரிப்போர்ட் வந்தபோது எனக்கு நாற்பத்து நாலு வயது. கணக்கு எல்லோருக்கும் வரும்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். பரோட்டா, வடை, எண்ணெயில் பொரித்து உப்புப் போட்ட சமாச்சாரம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். தினமும் நடக்க வேண்டும். சாயங்காலம் மிக்சருக்குப் பதிலாகப் பாதாம், வால்நட் மாதிரி ஏதாவது கொட்டைகள் சாப்பிடலாம். அதெல்லாம் இல்லாவிட்டால் நம்ம ஊர் நிலக்கடலையே போதும். ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி, அதற்கு மேல் வேண்டாம். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம். (இதில் 'அதற்கு மேல் வேண்டாம்' என்பது கதவைத் தாண்டுவதற்குள் எனக்கு மறந்துவிட்டது.)

என் மனைவி கலா ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தாள். மிக்சர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அப்புறம் என் முன்னால் நின்று சொன்னாள்.

"இன்னொரு ஒத்தக்கை சட்டையெல்லாம் எனக்கு வேணாங்க. டாக்டரு சொன்னத ஒழுங்கா தின்னுங்க."

அந்த நிமிடம் முதல் கடலை எனக்குத் தின்பண்டம் இல்லை, கடமை.

கடலைக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே கிடையாது. ஆண்டிமடம் என்றால் எல்லோருக்கும் முந்திரிதான் ஞாபகம் வரும். எனக்கு வாய்த்த மாமனாரோ முந்திரிக்காடுகளுக்கு நடுவில் கடலை போடுகிறவர். வருடா வருடம் கோடை அறுவடை முடிந்ததும் எங்களுக்கு ஒரு மூட்டை கடலைக்காய் அனுப்பிவிடுவார். அந்த வைகாசியில் அவரே குட்டி யானை சரக்கு வண்டியில் வந்து இறங்கினார். ஒன்றுக்கு இரண்டாக மூட்டைகள். ஒன்று வழக்கம்போல வாயைக் கயிற்றால் கட்டியது. இன்னொன்று சணலால் நெருக்கமாகத் தைத்தது. தைத்த மூட்டையை அவர் யாரையும் தொடவிடவில்லை. தானே சுமந்து மாடிப்படி முடிகிற சின்ன அறைக்குக் கொண்டுபோய், கீழே இரண்டு பலகை போட்டு, சுவரில் படாமல் நிறுத்தினார்.

"பத்தரம் மாப்பிள. ஈரம் படாம, எலி அண்டாம பாத்துக்குங்க."

கலா ஏற்கெனவே போனில் என் கொழுப்பைப் பற்றி அழுது தீர்த்திருந்தாள். அதனால் எனக்கு விஷயம் தெளிவாகப் புரிந்தது. ஒரு மூட்டை வழக்கமானது. இன்னொரு மூட்டை என் இதயத்துக்கு. இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்று உருகிப் போனேன்.

உண்மையில் நடந்தது வேறு. ஊரில் அவர் வீட்டு ஓட்டுக்கூரையைப் பிரித்துக் காங்கிரீட் போடுகிற வேலை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. வைக்க இடம் இல்லாததால் ஆடியில் அரை ஏக்கரில் விதைக்க வைத்திருந்த விதைக்கடலையை எங்கள் வீட்டில் பத்திரப்படுத்த வந்திருந்தார். இதை அடுப்படியில் காபி குடித்துக்கொண்டே கலாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா சொல்லியிருப்பார் என்று கலாவும், மகள் சொல்லிவிடுவாள் என்று மாமாவும் இருந்துவிட்டார்கள். எனக்கும் விவசாயத்துக்கும் உள்ள சம்பந்தம் தட்டில் தொடங்கித் தட்டிலேயே முடிந்துவிடுகிறது. தைத்த மூட்டை என்றால் விதை என்று யூகிக்கிற ரத்தம் என் உடம்பில் ஓடவில்லை. (ஓடிய ரத்தத்தின் லட்சணம்தான் ரிப்போர்ட்டில் இருந்ததே.)

முதல் ஐந்து நாள் ஒழுங்காகவே போயிற்று. வறுத்தால் சத்துப் போய்விடும் என்று போனில் யாரோ அனுப்பிய செய்தியை நம்பி, பச்சையாகவே சாப்பிட்டேன். சாயங்காலம் மாடி அறையில் உட்கார்ந்து உரிப்பது, மறுநாள் எவர்சில்வர் டப்பாவில் வேலைக்கு எடுத்துப் போவது. ஆறாம் நாள் ராஜாமணி என்ற லாரி டிரைவர், தனியாகத் தின்றால் வயிறு வலிக்காதா சார் என்று கேட்டுவிட்டார். ஒரு பிடி கொடுத்தேன். கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு, ரத்தக்குழாய் என்று பத்து நிமிடம் பேசினேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அதுவரைக்குமான பதினைந்து வருட வேலையில் என்னை ஒருவர் வாயைப் பிளந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவ்வளவுதான், நான் கெட்டேன். இரண்டாவது வாரத்தில் எடைமேடையில் பன்னிரண்டு பேருக்குத் தினமும் கடலை. ஊருக்கே இதயம் காக்கப் பிறந்தவன் என்ற நினைப்பு எனக்கு. முதலில் கடலை வாயில் போக வேண்டும், அப்புறம்தான் எடைச்சீட்டு கைக்கு வரும் என்று சட்டம் வேறு போட்டேன். ஒரு கைப்பிடி என்றுதான் கணக்கு. ஆனால் ராஜாமணியின் கைப்பிடி டாக்டரம்மாவின் கைப்பிடி இல்லையே. அவர் கையை டப்பாவில் விட்டால் டப்பா தெரியாது. பச்சைக்கடலையின் மற்ற பலன்களும் சீக்கிரமே தெரிய ஆரம்பித்தன. சுண்ணாம்புத் தூசிக்குப் பயந்து எப்போதும் அடைத்தே இருக்கும் எங்கள் அறை ஜன்னல்களை அந்த இரண்டு மாதமும் திறந்தே வைத்திருந்தோம்.

வீட்டில் கலாவுக்கு இந்த தர்மக்கணக்கு எதுவும் தெரியாது. ஒரு மனிதன் நாளைக்கு ஒரு பிடி தின்றால் கட்டிய மூட்டை தீபாவளி வரைக்கும் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மூட்டுவலிக்காரி, மாடிப்படி ஏறுவதில்லை. கட்டிய மூட்டை நாலே வாரத்தில் தீர்ந்தது.

தைத்த மூட்டையின் சணலைப் பிரித்தேன். உள்ளே இருந்த கடலையை அள்ளிப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பொக்கு இல்லை, சொத்தை இல்லை. எல்லாம் ஒரே அளவு, உரித்தால் கொழுகொழுவென்று ரோஸ் நிறத்தில் இரண்டிரண்டு பருப்பு. மனிதர் ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் எடுத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அது சரிதான். எனக்காகப் பொறுக்கினார் என்று நினைத்ததுதான் தப்பு.

அந்தப் புதுக்கடலையை முதல் நாள் எடுத்துப் போனபோது ஒரு சம்பவம் நடந்தது. எடைமேடையில் விழும் கல்தூசியைக் கூட்டுவதற்குக் கல்லங்குறிச்சியிலிருந்து அஞ்சலை என்று ஒரு அம்மா வருவார். என் பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர். அன்றைக்கு வாங்கிய பிடியை உள்ளங்கையில் பரப்பி வெகுநேரம் பார்த்தார்.

"இது ஏது சார்?"

மாமனார் வீட்டுக் கடலை என்றேன்.

"திங்கவா குடுத்தாரு?"

பின்னே, பல்லாங்குழி ஆடவா கொடுப்பார் என்று சிரித்துவிட்டு, இதயத்தின் நாலு அறைகளைப் பற்றி அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அவர் பாவம், முழுவதும் கேட்டுவிட்டு, கடலையை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

இதற்கு நடுவில் நான் ஒரு நல்ல காரியமும் செய்துகொண்டிருந்தேன். முன்னொரு தடவை மாமனார் வீட்டில் கடலைத் தொலியைக் குப்பையில் கொட்டப் போனபோது, தொலியைத் தூக்கிப் போடாதீங்க மாப்பிள, மண்ணுக்கு ஆகும் என்று தடுத்திருந்தார். அந்த ஒரே ஒரு விவசாயப் பாடம் எனக்கு மனப்பாடம். அதனால் உரித்த தொலியை எல்லாம், முதலில் தீர்ந்துபோன சாக்கிலேயே போட்டு அமுக்கிக்கொண்டு வந்தேன். ஆடி பிறந்த சில நாட்களில் விதை மூட்டை சுத்தமாகக் காலி. தொலி மூட்டை கழுத்துவரை நிறைந்துவிட்டது. ஆடிக்காற்றில் தொலி அறை முழுக்கப் பறந்ததால், சாக்கின் வாயைத் தைத்துவிட்டேன். தையல்காரர் மகன் இல்லையா, தையல் ஒரே சீராக விழுந்தது. மாமனார் போட்ட தையலைவிட என் தையல் அழகு. காலிச்சாக்கை மடித்து மூலையில் வைத்தேன். பலகைமேல் ஒரு தைத்த மூட்டை, பார்க்க அப்படியே நின்றது.

ஒரு சனிக்கிழமை காலையில் கலா ஊரில் வேலை இருக்கிறது என்று பஸ் ஏறிப் போனாள். மத்தியானம் மாமனார் போன் செய்தார்.

"நல்ல மழ பேஞ்சிருக்கு மாப்பிள. அந்த மூட்டைய நாளைக்குக் காலையில கொண்டாந்துருங்க. ஆளு சொல்லியாச்சு."

எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான். ஒரு மூட்டைத் தொலிக்கு ஆள் எதற்கு? ஆனால் மண்ணைப் பற்றி அவருக்கு ஆயிரம் தெரியும், நமக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். தவிர, நான் தொலியைச் சேர்த்து வைத்திருப்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது என்பதில் ஒரு சந்தோஷம். மூட்டையைத் தைத்தே வைத்திருக்கிறேன் மாமா என்றேன். ரொம்ப சந்தோசம் மாப்பிள என்றார் அவரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூட்டையை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பின்னால் மூட்டை இருப்பதே தெரியவில்லை. ஜெயங்கொண்டத்தில் ஒரு டீ குடித்தேன் (சர்க்கரை இல்லாமல், வடை இல்லாமல்; இதையும் என் தரப்பில் சேர்த்துக்கொள்ளவும்). மழைக்கு ரோடெல்லாம் கழுவி விட்டது போல இருந்தது. வழியெங்கும் செம்மண் காடுகளில் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. உடம்பும் மனசும் லேசாகி, நான் பாட்டுப் பாடிக்கொண்டே போனேன்.

மாமனார் வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து ஒன்பது பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு முறம். நடுவில் ஒரு பெரிய குண்டான் நிறைய அவித்த கடலை. விதை உரிக்கிறவர்களின் வாய் சும்மா இருந்தால் கை தானாக விதையை எடுத்து வாயில் போடும். அதற்குத்தான் என் மாமியார் ஒவ்வொரு வருடமும் முன்கூட்டியே அவித்த கடலை வைத்துவிடுவார் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது, என்ன ஒரு விருந்தோம்பல் என்று மட்டும் நினைத்தேன்.

பைக்கை நிறுத்தி, கயிற்றை அவிழ்த்து, மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கித் தோளுக்கு மேலே வைத்துக்கொண்டு நடந்து வந்தேன்.

ஒன்பது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமியார் இடுப்பு பிடித்துக்கொள்ளப் போகிறது என்று பதறினார். அந்த ஊரில் கடலை மூட்டையை அப்படித் தூக்கி யாரும் பார்த்ததில்லை. என் மாமனார் வாலிபத்தில் மூட்டை தூக்கியவர். அவரே ஓரடி பின்னால் போனார்.

"என்னா மாப்பிள, ஒத்தக் கையில தூக்கியாறீங்க?"

நான் அடக்கத்தோடு, ஆனால் ஒன்பது பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"எல்லாம் நீங்க குடுத்த கடலைதான் மாமா."

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. பெண்களில் ஒருவர் மாப்பிள்ளைக்குச் சுற்றிப் போடச் சொன்னார். மாமா மூட்டையைக் கிழக்குப் பார்த்து வைக்கச் சொல்லி, மஞ்சள் தடவி, பூ வைத்து, கற்பூரம் ஏற்றிக் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். விவசாயிகள் தொலிக்குக்கூட எவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள் என்று எனக்கு மெய்சிலிர்த்தது.

அவர் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, எலிக்குப் பயந்து நான் மறுபடி தைத்திருப்பதாக நினைத்து, நல்லா தச்சிருக்கீங்க என்று பாராட்டினார். அரிவாள் முனையால் சணலை அறுத்தார். மூட்டையின் அடியைப் பிடித்துத் தார்ப்பாயில் கவிழ்த்தார்.

சத்தமே வரவில்லை. கடலைக்காய் கொட்டினால் மழை மாதிரி ஒரு சத்தம் வரும். தொலி சத்தமில்லாமல் விழுந்து குவிந்தது. மேலே இருந்தது காற்றில் கிளம்பிப் பெண்களின் தலையிலும் அவித்த கடலைக் குண்டானிலும் போய் உட்கார்ந்தது. ஒரு கோழி ஓடி வந்து குவியலைக் கிளறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

மாமா குனிந்து குவியலுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் தேடினார். அடியில் பருப்பு இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அந்தக் கை தேடியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வராது.

"பருப்பு எங்க மாப்பிள?"

நான் இன்னமும் புன்னகையோடுதான் நின்றுகொண்டிருந்தேன்.

"தின்னாச்சே மாமா."

தட்டில் டீ டம்ளர்களோடு வெளியே வந்த கலா குவியலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எந்த மூட்டையைத் தின்றீர்கள் என்று கேட்டாள். இரண்டையும்தான் என்றேன். வட்டத்தின் மூத்த பெண்மணி முறத்தைக் கீழே வைத்தார்.

"நமக்கு வேல மிச்சந்தாண்டி. மாப்பிள உரிச்சே கொண்டாந்துட்டாரு."

ஒன்பது பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்புறம் பொத்தியும் பலனில்லாமல் சிரித்துத் தீர்த்தார்கள்.

கலா என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னவற்றில் அச்சிடத் தகுந்ததை மட்டும் எழுதுகிறேன். அது கடையில் வாங்கிய விதை இல்லை. ஒவ்வொரு அறுவடைக்கும் முன்னால் மாமா காடு முழுக்க நடப்பார். காய் அதிகம் பிடித்த, நோய் படாத செடியாகப் பார்த்து ஒரு துணித்துண்டைக் கட்டி அடையாளம் வைப்பார். அந்தச் செடிகளின் காயை மட்டும் தனியாகக் காய வைத்து விதைக்கு எடுப்பார். இப்படிப் பத்தொன்பது வருடமாகத் தேற்றிக்கொண்டு வந்த விதை அது. அடையாளம் கட்டுகிற துணித்துண்டுகள் எங்கிருந்து வந்தவை என்று கேட்டால், என் அப்பா கடையிலிருந்து. எங்கள் கல்யாணமான புதிதில், சம்பந்திக்கு உபயோகப்படும் என்று அப்பா ஒரு பை நிறைய வெட்டுத்துணி கொடுத்து அனுப்பினாராம். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மாமா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. நிலத்தில் ஈரம் இருக்கிறது, ஏருக்குச் சொல்லியாயிற்று. பக்கத்துக் காட்டுக்காரரிடம் விதை கேட்டு வாங்க ஆள் அனுப்பிவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"வெதைக்கு என்னா மாப்பிள, எங்கனாச்சும் கெடைக்கும்," என்றார். கையில் ஒட்டியிருந்த தொலியைத் தட்டிவிட்டு, "இந்த வெத இனிமே கெடைக்காது," என்றார். அதற்கப்புறம் என்னைச் சாப்பிடச் சொன்னார். நான் சாப்பிட்டேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

கலா வரமாட்டேன் என்று அங்கேயே தங்கிவிட்டாள். திரும்பும்போது ஒன்று உறைத்தது. டயரைப் பார்த்தே லாரி எடையைச் சொல்லுகிறவன், ஒரு மூட்டையை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு, அது என் பலம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை டப்பா இல்லாமல் வேலைக்குப் போனேன். இதயத்துக்கு லீவா சார் என்று ராஜாமணி கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன. செய்தி குவாரி வரைக்கும் போனது. அங்கிருந்து வருகிற ஒவ்வொரு டிரைவரும் சீட்டு வாங்கிக்கொண்டு, ஜன்னல் வழியாக என் வயிற்றைப் பார்த்து, முளை விட்டாச்சா சார் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"அன்னைக்கே கேட்டேன்ல சார், திங்கவா குடுத்தாருன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் திங்கல சார்," என்றார்.

எனக்குப் புரியவில்லை. முதலில் கொடுத்த கடலையைத் தின்றேன், ரெண்டாவதா கொடுத்ததைப் பார்த்ததுமே விதைக்காய் என்று தெரிந்துவிட்டது, அதை மெல்ல மனசு வரவில்லை என்றார். தினமும் வாங்கிய பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு போய், வேப்பிலை போட்டு ஒரு தூக்குவாளியில் சேர்த்து வைத்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொஞ்ச இடத்தில் இந்த மழைக்குப் போடலாம் என்று எண்ணம். பெரிய மனுசங்க வூட்டு விசயம், நாம என்ன சொல்றது என்று என்னிடம் மறுபடி பேசவில்லையாம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கல்லங்குறிச்சிக்குப் போய் அந்தத் தூக்குவாளியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். திறந்து பார்த்தேன். அதே ரோஸ் நிறம். உடையாமல், தோல் உரியாமல், தினம் ஒரு பிடியாக வந்தது அப்படியே இருந்தது. எங்கள் எடைமேடை நாற்பது டன் லாரியைச் சொல்லும். இந்தத் தூக்குவாளியை வைத்தால் பூஜ்யம்தான் காட்டும். ஆனாலும் நான் அந்த வருடம் எடுத்துக்கொண்டு போனதிலேயே பெரிய சுமை அதுதான்.

"அறுத்தா எனக்கு ரெண்டு படி வெத குடுக்கச் சொல்லுங்க சார். அது போதும்."

அரை நாள் லீவு போட்டு, தூக்குவாளியை முன்னால் மாட்டிக்கொண்டு ஆண்டிமடம் ரோட்டில் பறந்தேன். பறந்தேன் என்றால், பள்ளம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன் என்று அர்த்தம். ஒரு பருப்பு சிந்தினால் கலா என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டாள்.

காட்டில் விதைப்பு முடிகிற நேரம். கடனாக வாங்கிய விதை போதாமல் கிழக்கு மூலையில் இரண்டு சென்ட் அளவுக்குத் துண்டு விழுந்திருந்தது. மாமா தூக்குவாளியைத் திறந்து ஒரு பருப்பை எடுத்தார். விரலால் உருட்டினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்று சொன்னார். யார் இந்த அஞ்சலை என்று கேட்டார். சொன்னேன். அந்த அம்மாளுக்கு நாலு படி கொடுக்கணும் என்றார்.

ஏர் முன்னால் போக, அவரே பின்னால் நடந்து சாலில் விதை போட்டார். பாதியில் என்னைக் கூப்பிட்டு, மீதியை நீங்க போடுங்க மாப்பிள என்று தூக்குவாளியை நீட்டினார். நான் கையை நீட்டுவதற்குள் மாமியார் வரப்பில் ஓடி வந்தார். கையில் ஒரு கிண்ணம் அவித்த கடலை.

"மொதல்ல இத வாயில போட்டுக்குங்க மாப்பிள."

வாய் நிறைய அவித்த கடலையோடு நான் விதைத்தேன். கலா வரப்பில் நின்று சிரித்ததைப் பார்த்ததும், வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கொஞ்ச நாள் தள்ளியே மறு பரிசோதனைக்குப் போனோம். கெட்ட கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. என் எடை மட்டும் நாலு கிலோ ஏறியிருந்தது. டாக்டரம்மா குழம்பிப்போய், அப்படி என்னதான் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கலா முந்திக்கொண்டு, அரை ஏக்கர் சாப்பிட்டாரு டாக்டர் என்றாள். ஒரு கைப்பிடி என்றுதானே சொன்னேன் என்று டாக்டரம்மா தன் கையை மூடிக் காட்டினார். சின்னக் கை. அதை முன்பே ஒழுங்காகப் பார்த்திருக்கலாம்.

அந்த இரண்டு சென்ட் விளைந்தது. அதிலிருந்து எடுத்த விதை அடுத்த பட்டத்தில் பெருகி, இந்த வருடம் அரை ஏக்கர் முழுவதும் மறுபடி மாமாவின் கடலைதான். அந்தக் கிழக்கு மூலைக்கு மட்டும் 'மாப்பிள்ளை தின்னது போக' என்று பெயர் நிலைத்துவிட்டது. களை எடுக்க வருகிறவர்கள்கூட, இன்னைக்கு மாப்பிள தின்னது போகவுல இருந்து ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறார்கள். அப்பாவின் கடையில் மிச்சம் இருந்த வெட்டுத்துணி மூட்டையை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா அதைத்தான் செடிகளில் கட்டுகிறார். அஞ்சலைக்கு வருடம் தவறாமல் நாலு படி விதை போகிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. அந்த விதை போகும் டப்பாவின் மூடியைச் சுற்றிச் சணலால் தைத்த துணி உறை. தையல் மாமாவுடையது, என் தையலுக்கு அந்த வீட்டில் மதிப்புப் போய்விட்டது.

அஞ்சலை கேட்ட கேள்வி எங்கள் குடும்பத்தில் தங்கிவிட்டது. கல்யாணப் பந்தியில் என் இலையில் முந்திரி போட்ட பாயசம் விழுந்தால், வரிசையில் யாராவது ஒருவர் எட்டிப் பார்த்து, மாப்பிள, திங்கவா குடுத்தாங்க என்று கேட்காமல் இருப்பதில்லை.

இப்போதெல்லாம் கடலையைக் கலாதான் அளக்கிறாள். தினமும் காலையில் தன் கையால் ஒரு பிடி எடுத்துத் தட்டில் வைப்பாள். நான் அதைத் தொடாமல் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்பேன்.

"திங்கவா?"

"தின்னுங்க," என்பாள்.

அதற்கப்புறம்தான் வாயில் போடுகிறேன்.